பேர் சொல்லாத மலை

சாலைக் கடைத்தெருவில் உள்ள அந்தத் துணிக்கடைக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கம், உள்பாவாடைகளும் நைட்டிகளும் தொங்குகிற மூலையில் ரத்னாபாய் நிற்பாள். பதினைந்து வருஷமாக அதே மூலைதான். காலை ஒன்பதரைக்கு வந்து நின்றால் இரவு எட்டு மணிக்குத்தான் அவள் கால் மடங்கும். மலையாளத்தில் கேட்பவருக்கு மலையாளத்திலும் தமிழில் கேட்பவருக்குத் தமிழிலும் பதில் சொல்லுவாள். "சாயம் போகாதுக்கா. போச்சுன்னா ரத்னாபாய்னு கேட்டு வாங்க" என்று சிரித்தபடி எடுத்துப் போடுவாள்.

அந்தச் சிரிப்பைப் பார்க்கிறவர்களுக்கு அவள் எவ்வளவு பயந்தவள் என்பது தெரியாது.

பிள்ளைகள் சிறுசுகளாக இருந்தபோது அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்கே போனாலும் எண்ணுவாள். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. கூட்டத்தில் நாலு அடி நடந்தால் மறுபடியும். கண்ணால் எண்ணினால் அவளுக்குப் போதாது. தலையைத் தொட்டுத் தொட்டு எண்ண வேண்டும். மூத்தவள் சபீனா ஒன்று. இளையவன் ஜெபின் இரண்டு. அவ்வளவுதான் கணக்கு.

"ஏட்டி, ரெண்டு எண்ணுகதுக்கு இத்தன பாடா? கோழிக்குஞ்சா வளக்கே?" என்று கணவன் ஜெபசிங் கேலி செய்வான்.

அவனுக்கென்ன, அவன் சென்ட்ரிங் வேலைக்காரன். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் முட்டுக் கொடுத்துப் பலகை அடிக்கிறவன். நாலாவது மாடி விளிம்பில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கட்டஞ்சாயா குடிப்பான். பயம் என்பது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தர் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவன்.

ரத்னாபாயின் எண்ணிக்கை ஒரே ஒரு நாள் தப்பியது. 1997-ஆம் வருஷம், ஓணத்துக்கு அடுத்த வாரம்.

எல்லாம் சபீனாவின் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில்தான் ஆரம்பித்தது. அம்மாவைப் பற்றிப் பத்து வரி எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது வயதுச் சபீனா, 'என் அம்மா மேகத்துக்கு மேலே பிறந்தவள்' என்று முதல் வரி எழுதினாள். வகுப்பே சிரித்தது. "உன் அம்மை மாலாகையா?" என்று ஒருத்தி கேட்டாளாம். தேவதையா என்று அர்த்தம். சபீனா அழுதுகொண்டே வந்தாள்.

"நீதானே சொன்னே! பொன்முடியில பிறந்தேன், மேகம் கீழ கிடக்கும்னு நீதானே சொன்னே! சத்யமா, புளுகா?"

"சத்யம் மக்களே."

"எங்கில் காட்டு. சத்யம்னா காட்டு."

அந்த 'காட்டு' என்ற ஒரு வார்த்தையில் ரத்னாபாய் மாட்டிக்கொண்டாள். பதினோரு வருஷமாக அவள் திரும்பிப் பார்க்காத மலை அது. பொன்முடித் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டில்தான் அவள் பிறந்தாள். தாயும் தகப்பனும் கொழுந்து பறித்தவர்கள். பத்தொன்பது வயதில் ஜெபசிங்கைக் கட்டிக்கொண்டு மலை இறங்கியவள், அதற்கப்புறம் ஏறவேயில்லை. பெற்றவர்களும் வேலையை விட்டு மார்த்தாண்டம் பக்கம் போய்விட்டார்கள். மலைப் பேச்சை எடுத்தாலே ஜெபசிங்குக்குப் பிடிக்காது. மலைப் பேச்சு என்றால் மலைக்காரி என்கிற பேயின் பேச்சும் கூடவே வரும். "ஜெபம் பண்ணுக வீட்டுல பேய்க்கதை சொல்லாத" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டான். அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

ஓண வியாபாரம் முடிந்து கடையில் ஒரு நாள் லீவு கொடுத்தார்கள். பள்ளிக்கூடமும் விடுமுறை. ஜெபசிங்கும் ஏனோ சம்மதித்தான்.

"உச்சி வரைக்கும் ஏறணும். பாதியில வச்சு 'கால் வலிக்குது அப்பா'ன்னு சொன்னா தூக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"நீ ஏறினா போதும் அப்பா. உனக்குத்தான் தொப்பை" என்றான் ஆறு வயது ஜெபின். ஓணத்துக்கு வாங்கிய சிவப்புத் தொப்பியை அன்று காலை எழுந்ததிலிருந்து அவன் கழற்றவில்லை.

பஸ் கல்லாறு தாண்டி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் ரத்னாபாய் பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வளைவிலும் பிள்ளைகளின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஜெபசிங் முன் இருக்கையில் டிரைவரோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தான். ஜெபின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "சபீனா! சபீனா!" என்று கத்தி, பாறையில் மோதித் திரும்பி வரும் குரலைக் கேட்டுச் சிரித்தான். ரத்னாபாய் சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள்.

"மலையில பேர் சொல்லி விளிக்கக் கூடாது."

"எந்தினா அம்மே?"

அவள் முன் இருக்கையைப் பார்த்தாள். கணவன் காதில் விழாது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மலைக்காரி பேரப் படிச்சு வச்சுக்கிடுவா. பனிமஞ்சு இறங்கும்பம் அந்தப் பேரச் சொல்லி விளிப்பா. உங்க அம்மா குரல்லயே விளிப்பா, அப்பா குரல்லயே விளிப்பா. பதில் சொல்லவும் கூடாது, அசையவும் கூடாது. அப்படியே தரையில இருந்துரணும்."

"பின்னே அம்மா வந்தா எப்படித் தெரியும்?" என்று சபீனா கேட்டாள். எதையும் அரைகுறையாக விடாத பெண்.

"நான் கூவுவேன். ரெண்டு நீளம், ஒரு குட்டை. கூ... கூ... கு. அதக் கேட்டா திருப்பிக் கூவணும். ஆனா இருந்த இடத்த விட்டு அசையக் கூடாது. கூவுகிறவதான் தேடி வருவா."

இது வெறும் பூச்சாண்டிக் கதை இல்லை. அவளுடைய பத்தாவது வயதில், லைன் வீட்டில் அடுத்த வாசலில் இருந்த தாசம்மாள், மூடுபனியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது யாரோ ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து "தாசம்மா!" என்று கூப்பிட்டார்கள். அவசரமாகக் கூப்பிட்ட குரல். என்னவோ ஏதோவென்று குரல் வந்த திசைக்கு ஓடினாள். பனியில் திசை எது, பள்ளம் எது? கூடைதான் முதலில் கிடைத்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் மனிதர்கள் ஓடுகிறார்கள். அதனால்தான் எஸ்டேட்டில் பனி இறங்கினால் யாரும் பேர் சொல்ல மாட்டார்கள். வரிசைக்கு வரிசை கூவித்தான் ஒருத்தி இருக்கும் இடத்தை இன்னொருத்தி அறிவாள். ஆனால் பிள்ளைகளிடம் பள்ளத்தைப் பற்றிச் சொன்னால் நிற்குமா? மலைக்காரி என்றால்தான் நிற்கும்.

பஸ் நின்ற இடத்திலிருந்து புல்மேட்டு வழியாக ஒன்றரை மணி நேர ஏற்றம். எஸ்டேட்காரர்கள் 'மொட்டை' என்று சொல்லும் உச்சி அது. மரமே கிடையாது. இடுப்பளவுப் புல், நடுநடுவே யானை படுத்ததுபோலப் பாறைகள். ஜெபின் முதல் அரை மணி நேரம் ஓடினான், அடுத்த அரை மணி நேரம் நடந்தான், அப்புறம் தகப்பனின் தோளில் ஏறினான்.

"தூக்க மாட்டேன்னு சொன்னது யாரு?" என்றாள் ரத்னாபாய்.

"இது தூக்குகது இல்ல. சுமட்டுவேல."

உச்சிக்கு இன்னும் நூறு அடி இருக்கலாம். அப்போதுதான் சோற்றுப் பையைக் கீழே ஓய்வெடுத்த பாறையில் விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. "இருங்க, பத்து நிமிஷம்" என்று ஜெபசிங் இறங்கிப் போனான். ரத்னாபாய் பிள்ளைகளை ஒரு தட்டைப் பாறையில் உட்கார வைத்தாள். தலையைத் தொட்டாள். ஒண்ணு, ரெண்டு.

முழங்காலுக்கு மேலே ஏதோ ஈரமாக ஊர்ந்தது. அட்டை! சேலையைத் தூக்கிப் பார்க்கலாமென்றால் இரண்டு கல்லூரிப் பையன்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். "அசையாதீங்க, இதோ வாறேன்" என்று சொல்லிவிட்டுப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கினாள். அட்டை ஒன்றல்ல, மூன்று. சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்த உப்பைத் தேய்த்து ஒவ்வொன்றாக உதிர்த்தாள். இரண்டு நிமிஷம். மிஞ்சிப்போனால் மூன்று.

நிமிர்ந்தபோது மலை இல்லை.

எதிரே வெள்ளை. பக்கத்தில் வெள்ளை. நீட்டிய தன் கையே மங்கலாகத் தெரிந்தது. பாறையைத் தடவிக்கொண்டு சுற்றி வந்தாள். தட்டைப் பாறை இருந்தது. அதன்மேல் ஜெபினின் தண்ணீர் பாட்டில் இருந்தது.

பிள்ளைகள் இல்லை.

ஒண்ணு எங்கே? ரெண்டு எங்கே? காற்றில் தலையைத் தொடுவதுபோல அவள் கை இரண்டு முறை எழுந்து தாழ்ந்தது.

"சபீனா...!"

பனி அந்தக் குரலை விழுங்கிக்கொண்டது.

"சபீனா! ஜெபினே! மக்களே, எங்க இருக்கீங்க? ஜெபினே!"

கல்லூரிப் பையன்கள் ஓடி வந்தார்கள். "எந்தா சேச்சி, எந்து பற்றி?" என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அவளால் இரண்டு விரலைத்தான் காட்ட முடிந்தது. அவர்களும் கூப்பிடத் தொடங்கினார்கள். "சபீனா! ஜெபினே!" சத்தம் கேட்டுச் சோற்றுப் பையோடு ஏறி வந்த ஜெபசிங், பையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடினான்.

"எங்கட்டி போனாவ? நீ பக்கத்துல தானே நின்னே?"

"ரெண்டு நிமிஷந்தான்..."

"ரெண்டு நிமிஷமா! நாள் பூரா எண்ணுவியே, இப்பம் எண்ணு! எண்ணிக் காட்டு!"

அந்தச் சொல் சவுக்காக விழுந்தது. நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்க் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷம். கால் மணி நேரம். அரை மணி நேரம். ஒரு முனகல்கூடப் பதிலாக வரவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளை அம்மா குரலுக்குப் பதில் சொல்லாமல் இருக்குமா? அந்த நினைப்பு வந்ததும் ரத்னாபாய் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். "கர்த்தாவே, என் ஆயுச எடுத்துக்கிடும். என் காலு ரெண்டையும் எடுத்துக்கிடும். நான் இனி ஒருநாளும் எதுவும் கேக்க மாட்டேன்" என்று புலம்பியபடி புல்லில் முழங்கால் தேயத் தவழ்ந்தாள். தொண்டை கிழிந்து குரல் கரகரத்தது. தாசம்மாளின் கூடை கண்முன்னால் உருண்டது.

அப்போது எங்கிருந்தோ ஜெபசிங்கின் குரல் வந்தது.

"ரத்னா! ஏட்டி ரத்னாபாய்!"

அவள் நின்றாள்.

பதில் சொல்ல வாயெடுக்கவில்லை. குரல் வந்த பக்கம் காலை எடுத்து வைக்கவும் இல்லை. தன்னை அறியாமலே சடாரென்று புல்லில் உட்கார்ந்தாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். கணவன் கூப்பிடுகிறான் என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனால் உடம்பு கேட்கவில்லை. பதினோரு வருஷம் நகரத்தில் கிடந்த உடம்பு, பனிக்குள் தன் பேரைக் கேட்டதும் லைன் வீட்டுப் பத்து வயதுப் பெண்ணாகிவிட்டது.

"ரத்னா!"

அந்த இரண்டாவது அழைப்பில் அவளுக்குள் இடி இறங்கியது.

ஐயோ, நான் இப்போது எப்படி உட்கார்ந்திருக்கிறேனோ, அப்படித்தானே என் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள்! அம்மா குரலில் விளித்தாலும் நம்பாதே என்று சொன்னவள் நான்தானே! அரை மணி நேரமாக என் வாயாலேயே மலைக்காரியாகிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேனே!

அவள் எழுந்து, தடுமாறி, கணவனின் சட்டை கையில் அகப்படும்வரை போனாள்.

"வாயப் பொத்துங்க! யாரும் பேரு சொல்லாதீங்க!"

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பிள்ளையளத் தேடாண்டாமா?"

"நாந்தான்... நாந்தான் சொன்னேன். பேர் சொல்லி விளிச்சா பதில் சொல்லாதன்னு பஸ்ல வச்சு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

ஜெபசிங்கின் முகம் பனியில் சாம்பலாகத் தெரிந்தது. "பேய்க்கதை" என்றான். "வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, பாவி!" ஓங்கிய கை அப்படியே நின்றது. அடிக்கவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் அவன் நின்றான். கல்லூரிப் பையன்களில் ஒருவன் மெதுவாக, "சேட்டா, ஒரு மினிட்டு. சேச்சி பறயட்டே" என்று அந்தக் கையைப் பிடித்து இறக்கினான்.

எல்லோரும் அமைதியானார்கள். ரத்னாபாய் இரண்டு கையையும் வாயருகே குவித்தாள். கூவினாள்.

காற்றுதான் வந்தது. கத்திக் கத்திக் குரல் செத்துப் போயிருந்தது. எச்சிலை விழுங்கினாள். விழுங்கியதில் உப்புக் கரித்தது, ரத்தமோ கண்ணீரோ. கர்த்தாவே, மூன்றே மூன்று சத்தம் மட்டும் கொடு. மறுபடி கையைக் குவித்தாள்.

"கூ...ஊ... கூ...ஊ... கு!"

ஒன்றும் இல்லை. புல்லில் காற்று உரசுகிற சத்தம். ஜெபசிங் எதையோ சொல்ல வாய் திறந்தான். அவள் கையால் அவன் வாயை மூடினாள்.

"கூ...ஊ... கூ...ஊ... கு!"

அப்புறம், கீழே, வலது கைப்பக்கம், அவர்கள் யாருமே தேடாத திசையிலிருந்து, குருவிக்குஞ்சின் சத்தம்போல மெல்லியதாக வந்தது.

"கூ... கூ... கு."

ஜெபசிங் பாய்ந்தான். ரத்னாபாய் அவன் சட்டையை விடவில்லை. "ஓடக் கூடாது! என் பின்னால வாங்க. காலால தடவித் தடவி வாங்க." அன்று முதல் தடவையாக அவள் முன்னே போனாள், அவன் பின்னே போனான். அவள் கூவுவாள், பதில் வரும், நாலு அடி வைப்பாள். மறுபடி கூவுவாள். ஒவ்வொரு தடவை பதில் வருவதற்குள்ளும் அவள் ஒரு தடவை செத்துப் பிழைத்தாள்.

புல்லுக்குள் சபீனா உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பியின் முகம். இடது கையால் அவன் தலையை அமுக்கிப் பிடித்திருந்தாள். வலது கை அவன் வாயைப் பொத்தியிருந்தது. அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தாள். உள்ளங்கையில் ஜெபினின் பல் பதிந்து, ரத்தம் கோடு கட்டியிருந்தது.

"இவன் பதில் சொல்லப் போனான் அம்மே. கடிச்சான். நான் விடல்ல."

"நாங்க விளிச்சது கேட்டுச்சா மக்களே?"

"கேட்டுது. பேர் சொல்லித்தானே விளிச்சே... அதனால நீ இல்லன்னு நினைச்சேன்."

ரத்னாபாய் இருவரையும் வாரி அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஜெபின் அதைவிடப் பலமாக அழுதான். அவன் அழுததற்குக் காரணம் வேறு. "என் தொப்பி! தொப்பி பறந்து போச்சு! அதை எடுக்கத்தானே வந்தேன்!"

அவர்கள் அழுது முடிப்பதற்குள் காற்று திரும்பியது. திரை விலகுவதுபோலப் பனி இழுபட்டது. முதலில் தெரிந்தது அந்தச் சிவப்புத் தொப்பிதான். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து இரண்டு முழம் தள்ளிப் புல் முடிந்துபோயிருந்தது. அதற்கப்பால் ஒன்றுமேயில்லை. பாறைச் சுவர் நேராக இறங்கியது. தொப்பி வெகு ஆழத்தில் ஒரு செடியில் தொங்கியது. தாங்கள் நின்று கூப்பிட்டதெல்லாம் பின்பக்கம் மேட்டிலிருந்து அல்லவா என்று ஜெபசிங் திரும்பிப் பார்த்தான். ஆனால் அந்தக் குரல்கள் எதிர்மலையில் மோதி, பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்துதான் பிள்ளைகளுக்குக் கேட்டிருக்க வேண்டும். அம்மா என்று எழுந்து ஓடியிருந்தால்...

நாலாவது மாடி விளிம்பில் கால் தொங்கவிடுகிற ஜெபசிங் புல்லில் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் புல்லைப் பற்றிப் பிடித்துக்கொண்டு, மனைவியைப் பார்க்காமல், "எண்ணு" என்றான்.

அவள் எண்ணவில்லை. குரல் இல்லை. அவன்தான் ஒவ்வொரு தலையாகத் தொட்டான்.

உச்சிக்கு அவர்கள் போகவில்லை. அந்த நூறு அடி இன்றுவரை பாக்கிதான். ஆனால் இறங்கும் வழியில் ஒரு வளைவில் சபீனா பஸ் ஜன்னலைத் தட்டிக் காட்டினாள். கீழே, கல்லாற்றின் மேல், மேகம் வெள்ளைத் துணி விரித்ததுபோலக் கிடந்தது. அதற்கும் மேலே, தேயிலைச் சரிவில், லைன் வீடுகளின் தகரக் கூரைகள்.

"சத்யம்தான்" என்று சபீனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ரத்னாபாய்க்கு மூன்று நாள் குரல் வரவில்லை. கடைக்குப் போனாள். அளவை விரலால் காட்டினாள், நிறத்தைக் கையால் எடுத்துப் போட்டாள். "பேசாமடந்தை ஆயிட்டியா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டதற்குச் சிரித்து வைத்தாள். அந்த மூன்று நாளும் ஜெபசிங் அவளோடு சரியாகப் பேசவில்லை. கோபமா, வெட்கமா, அவனுக்கே தெரியவில்லை. ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடை வாசலில் அவள் வெளிப் பொம்மையின் நைட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சாலைத் தெருவில் காய்கறி வண்டிகளும் சுமைக்காரர்களும் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக ஜெபசிங் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று, "ஏட்டி ரத்னா, வாட்டி!" என்று ஊருக்கே கேட்கக் கத்துவான். அவள் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

அன்று அந்தச் சத்தம் வரவில்லை. வேறொரு சத்தம் வந்தது. கரடுமுரடாக, தாளம் தப்பி, பழக்கமில்லாத தொண்டையிலிருந்து.

"கூ... கூ... கு."

வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கடையிலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ரத்னாபாய் தலையை நிமிர்த்தினாள். எதிர்ப்பக்கம், கூட்டத்துக்கு நடுவே, இரண்டு கையையும் வாயருகே குவித்தபடி ஜெபசிங் நின்றான். காது மடல் சிவந்திருந்தது.

அவளால் திருப்பிக் கூவ முடியவில்லை. கையை மட்டும் உயர்த்தினாள். கண்ணில் நீர் தளும்பியது. ஆனால் இருந்த இடத்தை விட்டு ஓர் அடிகூட அசையவில்லை.

வண்டிகளை விலக்கிக்கொண்டு அவன்தான் தெருவைக் கடந்து வந்தான்.